கார்டை நீட்டித் தருவார்களா? விமான ஸ்டேட்டஸ் பற்றி நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவனந்தபுரம், மதுரை, தூத்துக்குடியின் வாகைக்குளம் என்று மூன்று விமான நிலையங்களுக்கு நடுவே இருக்கிற சீமை இது. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கம் வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்கள், தூத்துக்குடிக் கரையில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், பாளையங்கோட்டையில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருடம் ஒருமுறை போய்வருகிற பெற்றோர் எனப் பலரும், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தருகிற சலுகைக் கார்டு பற்றிய ஒரே மாதிரியான மின்னஞ்சலைத்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள்: "உங்கள் சில்வர் நிலை முடிகிறது." அதைச் சுற்றி எழுகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். நிறுவனங்கள் விதியை அடிக்கடி மாற்றும். அதனால் இங்குள்ள எண்களை உங்கள் கணக்கோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, மைல்ங்காங்க, ஸ்டேட்டஸ்ங்காங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரே கணக்கில் இரண்டு பேரேடு ஓடுகிறது. முதல் பேரேடு மைல். சேர்த்து வைத்து டிக்கெட்டாக எடுக்கலாம், சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். இரண்டாவது தகுதிக் கணக்கு. எமிரேட்ஸில் அதற்கு டயர் மைல் என்று பெயர், கத்தார் ஏர்வேஸில் கியூபாயிண்ட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எலைட் மைல். இதைச் செலவழிக்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து உங்களைச் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று ஒரு படியில் நிறுத்துவார்கள். அந்தப் படிதான் ஸ்டேட்டஸ். வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும், இது பெரும்பாலும் 12 மாதம். இரண்டும் தானாக மறைந்துவிடும்.

ஸ்டேட்டஸ் போனால் மைலும் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அநேகம். மைலுக்குத் தனி ஆயுள் உண்டு. எமிரேட்ஸிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அது மூன்று வருடம். இன்னொன்று, கிரெடிட் கார்டு தேய்த்து வருகிற மைல் பெரும்பாலும் முதல் பேரேட்டில்தான் ஏறும். "என்கிட்ட ஒரு லட்சம் மைல் இருக்கு, ஏன் சில்வர் தரல?" என்று கேட்கிறவருக்கு இதுதான் பதில்.

வருசத்துக்கு ஒருக்கா லீவுல ஊருக்கு வாரேன். எனக்கும் சில்வர் கிடைக்குமா?

அநேகமாகக் கிடைக்காது. எமிரேட்ஸில் சில்வருக்கு 25,000 டயர் மைல் அல்லது 25 விமானப் பயணம் வேண்டும். துபாயில் இருந்து திருவனந்தபுரம் வந்து திரும்பினால் 2 பயணம். வருடம் இரண்டு தடவை வந்தாலும் 4. லண்டனில் இருந்து துபாய் வழியாக வருகிறவருக்குப் போகவர 4 என்று எண்ணிக்கை கூடும். அவரும் வருடம் ஆறேழு தடவை வந்தால்தான் 25 தேறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் தொடர்ச்சியான 12 மாதத்துக்குள் 25,000 எலைட் மைல் சேர்ந்தால் சில்வர், 50,000 சேர்ந்தால் கோல்டு.

இந்தப் பக்கம் கார்டு பிடிப்பவர்கள் யாரென்றால் சைட் மாறிச் சைட் பறக்கிற பொறியாளர்கள், சரக்கு பார்க்கப் போய்வருகிற ஏற்றுமதிக்காரர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு கப்பல் ஏறுகிற மாலுமிகள். அதிலும் மாலுமிகளுக்குக் கம்பெனி எடுத்துத் தருவது பெரும்பாலும் மெரைன் கட்டண டிக்கெட், அதாவது கப்பல் பணியாளர்களுக்கென்றே உள்ள தனிக் கட்டணம். பல திட்டங்களில் அதற்குப் புள்ளி குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. வருடம் ஒருமுறை வருகிறவருக்கு நீட்டிப்பு என்கிற பிரச்சினையே இல்லை. மைலைச் சேர்த்து மூன்றாவது வருடம் வீட்டுக்காரிக்கு ஒரு டிக்கெட் எடுக்கப் பாருங்கள், அதுதான் லாபம்.

கார்டு இருந்தா எனக்கு நிசமா என்ன கிடைக்கும்? லவுஞ்சுல காப்பி குடிக்கதுதானா?

லவுஞ்ச் என்கிற தனி ஓய்வறையின் காப்பியை விடுங்கள். நம் ஊர்க்காரருக்கு இதில் உள்ள சொத்து கிலோ. எடைக் கணக்கில் லக்கேஜ் ஏற்றும் வழித்தடங்களில் எமிரேட்ஸ் சில்வருக்கு 12 கிலோ, கோல்டுக்கு 16, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதலாகக் கொடுக்கிறது. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் என்கிற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. அதன் கோல்டு, பிளாட்டினம் உறுப்பினர்களுக்குக் கூட்டணி அளவில் ஸ்டார் கோல்டு தகுதி உண்டு. அதில் 20 கிலோ கூடுதல், அல்லது பெட்டி எண்ணிக்கைக் கணக்கு என்றால் ஒரு பெட்டி கூடுதல். அதோடு தனி வரிசை, முன்னதாக ஏறுவது, லவுஞ்ச்.

சிக்கல் வருவது கட்டும்போதுதான். அல்வா இரண்டு கிலோ, உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு, சாம்பார்பொடி, கூழ்வற்றல் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கைத்தராசில் மாட்டினால் 38 காட்டும். கார்டு உங்களுக்கு மொத்த எடையைத்தான் கூட்டித் தருகிறது. ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் எடுக்காது, கோல்டு கார்டைக் காட்டினாலும் எடுக்காது. கவுண்டர் முன்னால் உட்கார்ந்து கயிறை அறுக்க வேண்டிவரும். இரண்டு பெட்டியாகக் கட்டுங்கள். பத்தமடைப் பாய்க்கு எடை பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை. சுருட்டினால் எவ்வளவு நீளம் என்று அளந்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு பொறி சென்னையில் இருக்கிறது. சர்வதேச டிக்கெட் ஒன்று, சென்னை–தூத்துக்குடி தனி டிக்கெட் ஒன்று என்று எடுத்திருந்தால், முதல் விமானத்தில் கிடைத்த கூடுதல் எடை இரண்டாவதில் செல்லாது. இண்டிகோ உள்நாட்டு டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜ் 15 கிலோ. 46 கிலோவோடு சென்னையில் இறங்கினால் மீதி 31 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும், இல்லையேல் நெல்லை எக்ஸ்பிரஸ்தான்.

எப்ப முடியுதுன்னே தெரிய மாட்டேங்கு. டிசம்பர் 31-ஆ?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாக ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்குப் பார்த்து அடுத்த வருடத் தொடக்கம் வரை நீட்டி வைக்கும். வளைகுடா, சிங்கப்பூர் நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு தேதி. உங்கள் கணக்கில் "மதிப்பாய்வு நாள்" என்ற பொருளில் ஒரு தேதி போட்டிருப்பார்கள். அதைத் தினசரி காலண்டரில் தேடி, மூன்று மாதம் முந்திய தாளில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஏன் மூன்று மாதம் என்பது கீழே வருகிறது.

டிக்கெட் வாங்கிய நாள் கணக்கில் வராது, பறந்த நாள்தான் வரும். மதிப்பாய்வு நாள் ஜனவரி 5 என்றால், டிசம்பர் 28-ல் போனது இந்த வருடக் கணக்கு, ஜனவரி 10-ல் திரும்பியது அடுத்த வருடக் கணக்கு. ஒரே டிக்கெட் இரண்டாகப் பிளந்து இரண்டு வருடத்துக்கும் உதவாமல் போவது இப்படித்தான்.

முடிஞ்சா ஒரேயடியா கீழ தள்ளிருவாங்களா?

சில திட்டங்களில் ஒரு படிதான் இறக்குவார்கள், கோல்டு சில்வராகும். சிலவற்றில் சேர்ந்த புள்ளி எந்தப் படிக்குப் பொருந்துகிறதோ அங்கே நேராக இறங்க வேண்டியதுதான். தக்கவைக்கத் தேவையானது, முதலில் பெறத் தேவையானதைவிடச் சில இடங்களில் குறைவு. கத்தார் ஏர்வேஸில் சில்வர் பெற 150 கியூபாயிண்ட், தக்கவைக்க 135. கோல்டு பெற 300, தக்கவைக்க 270. முதல் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு "15 குறையுது" என்று தவிக்கிறவர், உண்மையில் தக்கவைக்கிற அளவை எட்டியிருப்பார். முதலில் அதைப் பாருங்கள்.

கொரோனா நேரத்துல எல்லாவனும் நீட்டிக் குடுத்தானே. இப்ப மட்டும் ஏன் மாட்டேங்கான்?

அப்போது பறக்கவே வழி இல்லை. இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் நின்றன, 2022 மார்ச் 27-ல்தான் திரும்பின. இடையில் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர மே 7, 2020-ல் தொடங்கிய வந்தே பாரத் விமானங்கள், பிறகு நாட்டுக்கு நாடு செய்துகொண்ட தற்காலிக ஏற்பாட்டு விமானங்கள், அவ்வளவுதான். உள்நாட்டில் மட்டும் இரண்டு மாதம் கழித்து, 2020 மே 25-ல் திறந்தார்கள். கார்டு வைத்திருந்தவர் பறக்க விரும்பியும் பறக்க முடியாத காலம் அது.

2020 ஏப்ரலில் டெல்டா, அந்த வருட ஸ்டேட்டஸ் 2022 ஜனவரி இறுதி வரை செல்லும் என்று அறிவித்தது. யுனைட்டெட், அமெரிக்கன் நிறுவனங்களும் அதே காலத்துக்கு நீட்டின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓராண்டு கூட்டித் தந்தது. இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம். யுனைட்டெட் 2020-ல் தன் மைலேஜ் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதே வருடம் செப்டம்பரில் 900 கோடி. அமெரிக்கன் 2021 மார்ச்சில் 1,000 கோடி. அடகுக் கடையில் வைத்த நகை உறுப்பினர்கள்தான். அவர்களை இழந்தால் நகைக்கு மதிப்பு ஏது? அந்த நெருக்கடி இப்போது இல்லை. அதனால் பொது நீட்டிப்பும் இல்லை.

கார்டுங்கது ஒரு பிளாஸ்டிக் துண்டு. நீட்டிக் குடுத்தா அவனுக்கு என்ன நட்டம்?

நட்டம் நிறுவனத்துக்கு என்பதைவிட, அந்த வருடம் காசு கொடுத்துப் பறந்தவருக்குத்தான் அதிகம். ஸ்டேட்டஸில் இரண்டு வகைச் சலுகை இருக்கிறது. ஒன்று, எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் ஓரளவு தாங்குவது: கூடுதல் எடை, இலவசச் சீட் தேர்வு. மற்றொன்று, எண்ணி வைத்திருப்பது: லவுஞ்ச் நாற்காலி, பிசினஸ் வகுப்பில் காலியாகக் கிடக்கிற நான்கு சீட், காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம், தனி வரிசை. இரண்டாவது வகையில் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காதது. திருவனந்தபுரத்தில் நள்ளிரவு வளைகுடா விமானத்துக்கு முன்னுரிமை வரிசையில் அறுபது பேர் நின்றால் அது முன்னுரிமையா? பொது வரிசை சீக்கிரம் நகர்ந்துவிடும்.

2022-ல் பயணம் திரும்பியபோது அமெரிக்காவில் லவுஞ்ச் வாசல்களில் வரிசை நின்றது. டெல்டா அந்த ஜூனில், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று விதி போட்டது. அந்தக் கூட்டத்துக்கு ஸ்டேட்டஸ் நீட்டிப்பு மட்டும் காரணம் இல்லை. கிரெடிட் கார்டு வைத்து உள்ளே வந்தவர்களும் நிறையப் பேர்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க: நீட்டணுமா, வேண்டாமா?

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: பறக்கவிடாமல் செய்தது யார்? அரசு வான்வெளியை மூடியது, நிறுவனமே அந்த வழித்தடத்தை நிறுத்தியது, நிறுவனத்தின் விதியே உங்களை ஏற்ற மறுத்தது என்றால் நீட்டத்தான் வேண்டும். அங்கே நீட்டிப்பு சலுகையில் சேராது, கணக்கு நேர்மையில் சேரும். 12 மாதத்தில் இத்தனை பறந்தால் கோல்டு என்று சொல்லிவிட்டு, அதில் 5 மாதம் விமானத்தையே எடுக்காவிட்டால், 7 மாதத்தில் 12 மாத வேலையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

வேலை மாறிவிட்டது, கம்பெனி பயணத்தைக் குறைத்துவிட்டது, ஜூம் கூட்டம் போதும் என்றாகிவிட்டது, இதற்கெல்லாம் நீட்டிப்பு கேட்பதில் நியாயம் இல்லை. பறக்காதவருக்கு அந்தச் சலுகையும் தேவைப்படாது. இடையில் ஒரு ரகம் இருக்கிறது: பிரசவம், அறுவை சிகிச்சை, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர். இதற்கு முழு வருடம் நீட்டுவதைவிடக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது சரி. எத்தனை மாதம் முடக்கமோ அத்தனை மாதம் மட்டும். முழு நீட்டிப்புக்கு மாற்றாகத் தேவைப்படும் புள்ளியைக் குறைப்பது இன்னும் நல்லது. கொஞ்சமாவது பறந்தவருக்கு அது கைகொடுக்கும், பறந்தவருக்கும் பறக்காதவருக்கும் வித்தியாசம் இருக்கும்.

போர் வந்து என் விமானம் கேன்சல். வேற கம்பெனில ஏத்திவிட்டாங்க. அதுக்கு நீட்டிப்பு கேக்கலாமா?

2025 ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளியை மூடியபோது விமானங்கள் நடுவழியில் திரும்பின. இப்படி ஓரிரு நாள் தடங்கலுக்கு நீட்டிப்பு கேட்டால் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: முதலில் எடுத்த டிக்கெட்டின்படி வரவேண்டிய புள்ளி. நிறுவனமே வேறு விமானத்துக்கு மாற்றியபோது, மூல டிக்கெட்டின் வழித்தடத்துக்கும் வகுப்புக்கும் உரிய புள்ளியைக் கேட்டு எழுதினால் பல நிறுவனங்கள் ஏற்றித் தருகின்றன. தானாக ஏறாது. மூல டிக்கெட், ரத்துச் செய்தி, மாற்று விமானத்தின் போர்டிங் பாஸ் மூன்றையும் இணைக்க வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் புள்ளி கிடையாது.

வாரக்கணக்கில் வழித்தடம் மூடிக்கிடந்தால் அது வேறு, மேலே சொன்ன அளவுகோல் பொருந்தும்.

மதினி கோல்டு கார்டு வச்சிருக்கா. இப்ப மாசமா இருக்கா, ஒரு வருசம் பறக்க முடியாது. கார்டு போயிருமா?

இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸில் குழந்தை பெற்றவர்களுக்கு ஸ்டேட்டஸை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. வெர்ஜின் ஆஸ்திரேலியாவின் வெலாசிட்டி திட்டத்திலும் பெற்றோருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. மற்ற நிறுவனங்களில் விதிப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும், ஆளைப் பார்த்துச் செய்து தருவதுண்டு.

கோரிக்கையில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள். குறிப்பிட்ட வாரத்துக்குப் பிறகு மருத்துவச் சான்று கேட்பதும், ஒற்றைக் குழந்தை என்றால் பொதுவாக 36 வாரத்துக்குப் பிறகு ஏற்ற மறுப்பதும் விமான நிறுவனங்களின் சொந்த விதி. "உங்கள் விதிப்படியே நான் இத்தனை வாரம் பறக்க முடியாது, அந்தக் காலத்தை என் தகுதிக் கணக்கில் கழிக்காதீர்கள்" என்று கேட்பது பரிவு கேட்பதைவிட வலுவான வாதம்.

சரி, எப்படி எழுதணும்? போன் பண்ணினா வேலை நடக்குமா?

போனில் எடுப்பவருக்கு அதிகாரம் இருக்காது, எழுத்தில் கேளுங்கள். கணக்கினுள்ளே போய் உறுப்பினர் சேவைக்கு அனுப்பும் படிவம்தான் சரியான வாசல். பேஸ்புக்கில் சண்டை போடுவது கடைசி. ஆங்கிலத்தில், பத்து வரிக்குள், இந்த வரிசையில் எழுதுங்கள்: உறுப்பினர் எண், இப்போதைய படி, மதிப்பாய்வு நாள். அடுத்து, எத்தனை புள்ளி வேண்டும், எத்தனை இருக்கிறது. அடுத்து, பறக்க முடியாத காலம் தேதியோடு, காரணம் ஒரே வரியில். பிறகு, ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிற அடுத்த டிக்கெட்டின் பிஎன்ஆர். கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது துல்லியமாக.

"எப்படியாவது நீட்டித் தாருங்கள்" என்று முடித்தால் அச்சடித்த பதில்தான் வரும். "மதிப்பாய்வு நாளை மூன்று மாதம் தள்ளுங்கள், அதற்குள் இந்த இரண்டு பயணமும் முடிந்து தேவையான புள்ளி சேர்ந்துவிடும்" என்று கேட்டால், சம்மதிப்பது அவர்களுக்கும் எளிது. மதிப்பாய்வு நாளுக்கு முன்னால் கேட்க வேண்டும். படி இறங்கிய பிறகு ஏற்றித் தருவது அவர்கள் பக்கம் பெரிய வேலை. காலண்டரில் மூன்று மாதம் முன்பு வட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான். மருத்துவச் சான்று கேட்டால் மட்டும் அனுப்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் முழுவதையும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

எனக்கு புள்ளியே சரியா ஏறல. பாஸ்போர்ட்ல பேரு ஒரு மாதிரி, கணக்குல ஒரு மாதிரி. அதனாலயா?

அதனாலேயே இருக்கும். நம் பக்கத்துக்கே உரிய கோளாறு இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் "மாடசாமி" மட்டும். விமான நிறுவனத்தின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது என்பதால், கணக்கு திறக்கும்போது அப்பா பெயர் "சுடலைமுத்து"வைப் போட்டிருப்பார். டிக்கெட் எடுத்த ஏஜெண்ட் "மாடசாமி மாடசாமி" என்று போட்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். புள்ளி தொங்கிக்கொண்டே நிற்கும். சிலருக்கு இப்படி மூன்று கணக்கு இருக்கிறது, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தால் சில்வர்.

முதல் வேலையாக எந்தக் கணக்கு வேண்டும் என்று தீர்மானியுங்கள். அதன் பெயரை டிக்கெட்டில் வருகிற வடிவத்துக்கு மாற்றச் சொல்லிப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும், அப்பா பெயர் இருக்கிற கடைசிப் பக்கமும் அனுப்புங்கள். மற்ற கணக்குகளை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்களே புதிதாக இன்னொன்று திறக்க வேண்டாம். இந்தத் திருத்தத்தை முடித்துவிட்டுத்தான் நீட்டிப்புக் கோரிக்கை. விடுபட்ட பயணம் ஏறினாலே பலருக்கு நீட்டிப்பு தேவைப்படாமல் போகிறது.

காக்கா, டிக்கெட் கம்பெனி எடுத்துக் குடுத்தது. போர்டிங் பாஸும் தொலைஞ்சிருச்சு. பழைய பயணத்தை ஏத்த முடியுமா?

கம்பெனி காசு கொடுத்தாலும் புள்ளி பறந்தவருக்குத்தான். ஏற்றுவதற்கு டிக்கெட் எண் போதும். அது 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: 176 எமிரேட்ஸ், 098 ஏர் இந்தியா, 157 கத்தார், 618 சிங்கப்பூர், 607 எதிஹாத், 603 ஸ்ரீலங்கன். ஏஜெண்டிடம் பிஎன்ஆர் மட்டும் வாங்காமல் இந்த எண்ணையும் வாங்கி வையுங்கள். பிஎன்ஆர் ஆறு எழுத்து, பயணம் முடிந்ததும் அதற்கு ஆயுள் போச்சு.

பல திட்டங்களில் ஆறு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். போர்டிங் பாஸ் தாள் வெயிலில் வெளுத்துவிடும் ரகம். கார் டேஷ்போர்டில் ஒரு கோடை கிடந்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஏறுமுன் போனில் படம் எடுத்துவிடுங்கள். சில டிக்கெட்டுகளுக்குப் புள்ளி கிடையாது என்பதையும் கவனியுங்கள்: குழுக் கட்டணம், உம்ரா பேக்கேஜில் மொத்தமாக எடுத்தவை, மைல் கொடுத்து எடுத்தவை. ஒரு நிறுவனத்தின் எண்ணைப் போட்டு இன்னொரு நிறுவனம் ஓட்டுகிற விமானமும் சந்தேகக் கேஸ். டிக்கெட்டில் "இயக்குபவர்" யார் என்று பார்த்துவிட்டு உங்கள் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ரெண்டே ரெண்டு பயணம் குறையுது. சும்மா ஒருக்கா ஊருக்கு வந்துட்டுப் போயிரட்டா?

அம்மாவைப் பார்க்க வருவதானால் வாருங்கள், அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. கார்டுக்காக என்றால் பேனாவை எடுங்கள். சில்வரில் 12 கிலோ கூடுதல், அடுத்த வருடம் நான்கு பயணம், ஆக 48 கிலோ. கூடுதல் எடையை முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் உங்கள் வழித்தடத்தில் கிலோ என்ன விலை என்று பாருங்கள். பேச்சுக்குக் கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் 24,000. அந்த 48 கிலோவும் உண்மையில் நிரப்புவீர்களா? பாதிதான் என்றால் 12,000. திருவனந்தபுரம் போய்வர டிக்கெட், அங்கிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குக் கார், இரண்டு நாள் விடுப்பு. அநேகமாகக் கட்டுப்படியாகாது. இதற்கு மூன்று மாத அவகாசம் கேட்டு எழுதுவது இலவசம்.

கம்பெனியே மூடிட்டான்னா? இல்ல இன்னொருத்தனோட சேந்துட்டான்னா?

மூடினால் ஸ்டேட்டஸ் அன்றே செத்தது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியபோது அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி மைல் மட்டும் பிழைத்தது. பிளாட்டினம் கார்டைக் காட்ட விமானம்தான் இல்லை. இணைந்தால் கதை வேறு. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது, உறுப்பினர்களின் புள்ளியும் படியும் ஏர் இந்தியா திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அந்தத் திட்டம்தான் இன்று மகாராஜா கிளப். இணைப்பு அறிவிப்பு வந்தால் இரண்டு கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள். மேலே சொன்ன மாடசாமி கோளாறு இங்கேதான் அதிகம் கடிக்கும்.

இவன் நீட்ட மாட்டேன்னா, கார்டைக் காட்டி வேற கம்பெனில அதே படி வாங்கலாமாமே?

வாங்கலாம், ஸ்டேட்டஸ் மேட்ச் என்பார்கள். இன்னொரு நிறுவனத்தின் கார்டையும் சமீபப் பயண விவரத்தையும் காட்டினால், சில நிறுவனங்கள் தற்காலிகமாக அதே படியைத் தரும். பல இடங்களில் மூன்று நான்கு மாதத்துக்குள் இத்தனை பயணம் செய்தால்தான் நிற்கும் என்று நிபந்தனை இருக்கும். பொதுவாக ஆயுளுக்கு ஒருமுறை அல்லது சில வருடங்களுக்கு ஒருமுறைதான். அதனால் பறக்காத வருடத்தில் அதை வீணாக்காதீர்கள். பழைய கார்டு உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்துபோன கார்டைக் காட்டினால் யாரும் மதிப்பதில்லை.

"ஐயாயிரம் கட்டினா கோல்டை ஒரு வருசம் நீட்டுதோம்"னு போன் வந்துச்சு. கட்டலாமா?

கட்டாதீர்கள். காசு கொடுத்துத் தகுதிப் புள்ளி வாங்குகிற வசதி சில திட்டங்களில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது உங்கள் கணக்கினுள்ளே, கட்டணப் பக்கத்தில் இருக்கும். போன் செய்து ஓடிபி கேட்கிறவருக்கு வேண்டியது உங்கள் மைல். கணக்கில் நுழைந்ததும் அதை யாரோ பெயருக்கு டிக்கெட்டாக மாற்றிவிடுவார்கள். ஓடிபியைச் சொல்லியிருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, நிறுவனத்துக்கு எழுதி, 1930 என்ற சைபர் குற்ற எண்ணிலும் புகார் கொடுங்கள்.

வாப்பா மவுத்தாயிட்டாங்க. அவங்க பேர்ல கோல்டும் நிறைய மைலும் கெடக்கு. உம்மா பேருக்கு மாத்தலாமா?

ஸ்டேட்டஸ் ஆளோடு முடிகிறது, யாருக்கும் மாறாது, எந்தக் கோரிக்கைக்கும் நீளாது. மைல் அப்படியல்ல. சில திட்டங்கள் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு குடும்பத்தாருக்கு மாற்றித் தருகின்றன. சில திட்டங்கள் கணக்கோடு சேர்த்து ரத்து செய்துவிடுகின்றன. எழுதுவதற்கு முன்னால் விதிமுறைப் பக்கத்தில் உறுப்பினர் இறப்பு பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள். குடும்பக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பொதுவில் கிடக்கிற மைலை மற்ற உறுப்பினர்கள் எடுக்க வழி இருக்கலாம். எடுத்து வைத்திருந்த டிக்கெட் ஏதாவது பாக்கி இருந்தால் அது தனி விண்ணப்பம். இறப்புச் சான்றிதழைக் காட்டினால், திரும்பத் தராத டிக்கெட்டுக்கும் பல நிறுவனங்கள் பணம் தருகின்றன. மைலுக்கு எழுதும் கடிதத்திலேயே அதையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போகும் காகிதம்.